பென்சில் தூக்கிய எறும்பு

திருக்கழுக்குன்றத்தில் மலையடிவாரத் தெருவில் உலகநாதனின் ஃப்ளெக்ஸ் கடை இருக்கிறது. அங்கே டிசைன் செய்கிற ஷாரோனின் கைபடாமல் அந்தக் கடையிலிருந்து ஒரு பேனரும் வெளியே போனதில்லை. சுற்றுவட்டாரத்தில் யாருக்குக் காது குத்தினாலும், யார் வீட்டுப் பெண் வயதுக்கு வந்தாலும், யாருக்குக் கட்சியில் பொறுப்பு கிடைத்தாலும், யார் கண்ணை மூடினாலும், உறவுக்காரர்களுக்கு அடுத்தபடியாகத் தெரிந்துகொள்பவள் அவள்தான். சில சமயம் உறவுக்காரர்களுக்கு முன்னாலேயே தெரிந்துவிடும்.

மதுராந்தகம் ஏரிப் பாசனத்தில் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்ட குடும்பம் அவளுடையது. அப்பா சாலமோன் இப்போது நாவலூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் செக்யூரிட்டி. மகள் செங்கல்பட்டில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு ஏசி அறையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறாள் என்று அவருக்கு இருந்த பெருமை சொல்லி மாளாது. அந்த ஏசி பிரின்டிங் மெஷினுக்காகப் போட்டது, மனுஷிக்காக இல்லை என்பதை ஷாரோன் அவரிடம் சொன்னதே இல்லை. பாவம், பெருமைப்பட்டுவிட்டுப் போகட்டும்.

வேலையில் அவள் கெட்டிக்காரி. கோட்டே பார்த்திராதவருக்குக் கோட்டு மாட்டுவாள். தலைமுடி கொட்டியவருக்கு முடி நடுவாள். படம் எடுக்கும் நேரத்தில் இமை மூடிவிட்டவருக்குக் கண்ணைத் திறந்துவிடுவாள். இதற்கென்றே மதுராந்தகத்து நெல் வியாபாரி ஒருவரின் கண்களைத் தனியாக வெட்டி எடுத்து வைத்திருந்தாள். எப்போதோ கடைத் திறப்பு விழா பேனருக்காக வந்த போட்டோ அது. பெரிய, தெளிவான, நம்பகமான கண்கள். அந்த மனிதருக்குத் தெரியாமலேயே அவருடைய கண்கள் ஊர் ஊராக, யார் யாருடைய முகத்திலோ விழித்துக்கொண்டு நின்றன.

எல்லாவற்றையும்விட அவள் பேர் வாங்கியது சுத்தத்துக்குத்தான். போட்டோவில் தூசி, மடிப்பு, கறை எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது. புலி வேண்டும், பூ வேண்டும், மேகத்தில் மிதக்கும் அம்மன் வேண்டும் என்று நெட்டிலிருந்து இறக்கும் படங்களிலும் மூலையில் ஏதாவது கிறுக்கியிருந்தால் துடைத்துவிட்டுத்தான் மறுவேலை. நெட்டில் கிடக்கும் படம் ஏதோ வேப்பம்பழம் மாதிரி தானாகப் பழுத்துத் தானாக உதிர்ந்தது என்பதுதான் அந்தத் தொழிலில் எல்லோருடைய நினைப்பும். ஷாரோன் மட்டும் என்ன, வானத்திலிருந்தா குதித்தாள்? அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

போன வருஷம் சித்திரைத் திருவிழாவுக்கு ஒரு ஸ்வீட் கடைக்காரர் வாழ்த்து பேனர் கேட்டு வந்தார். மலை, கோயில், கழுகு மூன்றும் இருக்க வேண்டும் என்றார். குருக்கள் வைக்கும் சர்க்கரைப் பொங்கலைச் சாப்பிட மலைக்குத் தினமும் இரண்டு கழுகுகள் வருவது எப்போதோ நின்றுபோயிற்று. ஷாரோனுக்கு விவரம் தெரிந்த நாளாக அவள் ஒரு கழுகையும் பார்த்ததில்லை. நெட்டில் தேடினாள். அமெரிக்கக் கழுகுகளாக வந்து முறைத்தன. அவற்றுக்கு நடுவே ஒரு படம் அகப்பட்டது.

வரைந்த படம். நம்ம மலைப்படிதான், சந்தேகமே இல்லை. அதில் இரண்டு கிழட்டுக் கழுகுகள் பறக்கத் தெம்பில்லாமல் நடந்து ஏறிக்கொண்டிருந்தன. ஒன்றின் தலையில் மங்கி கேப். இன்னொன்றின் தோளில் ஜவுளிக்கடைப் பை, அதிலிருந்து தண்ணீர் பாட்டில் எட்டிப்பார்த்தது. மங்கி கேப் கழுகு பாதிப் படியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தது. மேலே குருக்கள் சர்க்கரைப் பொங்கல் தட்டோடு, இத்தனை வருஷம் பொறுத்தேன், இன்னும் பத்து நிமிஷம் பொறுக்க மாட்டேனா என்கிற முகத்தோடு காத்திருந்தார்.

ஷாரோன் தனியாகச் சிரித்தாள். உலகநாதன் எட்டிப்பார்த்து, சாமி விஷயத்தில் விளையாட்டு வேண்டாம், மங்கி கேப்பை எடுத்துவிடு என்றார். அதற்குள் ஸ்வீட் கடைக்காரரே பார்த்துவிட்டுக் குலுங்கக் குலுங்கச் சிரித்து, இதேதான் வேண்டும் என்று சொல்லிவிட்டார். ஷாரோன் வழக்கம்போல மூலையில் இருந்த சின்னக் கறையைத் துடைத்துவிட்டுப் பிரின்டுக்குக் கொடுத்தாள்.

திருவிழாக் கூட்டம் அந்த பேனர் அடியில் நின்று நின்று போனது. மற்ற பேனர்களில் இருக்கிற மீசைக்காரர்களை யாரும் சீந்தவில்லை. வீட்டுக்குப் போகும் பஸ்ஸிலிருந்து அதைப் பார்த்த ஷாரோனுக்கு, இதே மாதிரி இன்னொரு படம் கிடைக்காதா என்று ஆசை வந்தது. மறுநாள் டீ நேரத்தில் தேடினாள். கிடைத்தது. மதுராந்தகம் ஏரியில் ஒரு பெரிய கெண்டை மீன் டவுன் பஸ்ஸாக ஓடிக்கொண்டிருந்தது. படியில் ஒற்றைக் காலில் நின்ற கொக்கு, கண்டக்டர். ஜன்னல் சீட்டில் ஒரு தவளை அம்மாள் பிள்ளைகளை மடியில் அடுக்கிக்கொண்டு, டிக்கெட் வாங்க மாட்டேன் என்கிற பிடிவாதத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

படத்தின் அதே மூலையில் அதே மாதிரி ஒரு கறை. கை தானாக அழிக்கும் பிரஷ்ஷுக்குப் போயிற்று. போன கை நின்றது. ஒரே கறை எப்படி இரண்டு படத்தில், ஒரே இடத்தில் இருக்கும்?

பெரிதாக்கிப் பார்த்தாள். எறும்பு. ஒரு குட்டி எறும்பு, தன்னைவிட நீளமான பென்சில் ஒன்றைத் தலையில் தூக்கிக்கொண்டு போயிற்று. கழுகுப் படத்தின் ஒரிஜினலைத் திறந்தாள். அங்கேயும் அதே எறும்பு, அங்கே ஒரு காலை முதல் படியில் வைத்திருந்தது. பாவம், அதுவும் மலையேற வந்திருந்தது. அவள்தான் அதை ஏறவிடாமல் துடைத்துப்போட்டிருந்தாள்.

இவ்வளவையும் ஒரு ஆள் உட்கார்ந்து வரைந்திருக்கிறார். கொக்கைக் கண்டக்டராக்கினால் நன்றாக இருக்கும் என்று ஒருத்தருக்குத் தோன்றியிருக்கிறது. தோன்றியதோடு நிற்காமல், அந்தக் கொக்கின் அலகில் விசிலை எப்படி மாட்டுவது என்று யோசித்திருக்கிறார். அப்படி யோசிக்கிற ஆள் இதே ஊரில், இதே வெயிலில், இதே பஸ்ஸில் அவளுக்குப் பக்கத்தில்கூட உட்கார்ந்து வந்திருக்கலாம். எறும்பைப் பிடித்துக்கொண்டே போய் அந்தப் படங்களின் பக்கத்தைக் கண்டுபிடித்தாள். வரைந்தவர் பெயர் வினிதா. ஊர் நாவலூர் என்று போட்டிருந்தது. அப்பா தினமும் கேட் திறந்து மூடுகிற நாவலூரில் இப்படியும் ஒரு பிழைப்பு நடக்கிறதா என்று ஷாரோன் வாய் பிளந்தாள்.

ஒருவரைத் தெரிந்தால் ஒன்பது பேர் தெரிகிற உலகம் அது. பிரஷர் குக்கர்களை எல்லாம் கோபக்கார அத்தைகளாக வரைகிற ஒருவர் இருந்தார். மழையைப் பெண் பார்க்க வருகிற மாப்பிள்ளை வீட்டுக் கூட்டமாகவே வரைகிற ஒரு பெண் இருந்தாள். அவள் வரைந்த ஒவ்வொரு மேகத்தின் கையிலும் தாம்பூலத் தட்டு. மளிகைக் கடைப் பூனைகளைத் தவிர வேறு எதையும் தொட மாட்டேன் என்று இருந்தார் இன்னொருவர். அவருடைய பூனைகளுக்குக் கழுத்தே கிடையாது. காலையும் மாலையும் பஸ்ஸில் ஷாரோன் பார்த்துக்கொண்டே வருவாள். நாளடைவில் பெயரைப் படிக்காமலேயே இது யார் கை என்று சொல்ல முடிந்தது. ஒவ்வொருவரும் மூலையில் ஏதோ ஓர் அடையாளம் வைத்திருந்தார்கள். ஒருவர் பிறை, ஒருவர் பொட்டு, ஒருவர் தன் பெயரின் வாலை மட்டும். இத்தனை வருஷமாகக் கறை என்று தான் துடைத்ததெல்லாம் யார் யாரோ என்று நினைக்கையில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஆனால் பார்வை மாறிவிட்டது. அதற்கு முன்பு ரோட்டை மறித்து நிற்கும் எருமை அவளுக்கு வெறும் எருமை. இப்போது அது மீட்டிங்குக்குக் கிளம்பி, எந்த மீட்டிங் என்று மறந்துபோன அதிகாரி. படம் வரைய அவளுக்கு வராது, முயன்றும் பார்க்கவில்லை. பார்க்கிறதே அவளுக்குப் போதுமானதாக இருந்தது. வினிதாவுக்கு நாலு வார்த்தை எழுத வேண்டும் என்று ஆசை. மெசேஜ் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் துடைத்த எறும்பு ஞாபகம் வரும். மூடிவிடுவாள்.

இந்த நிலையில்தான் வச்சலா கடைக்கு வந்தாள்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்திலிருந்து தினமும் மீன் கூடையோடு திருக்கழுக்குன்றம் சந்தைக்கு வருகிறவள் வச்சலா. அன்று கூடை இல்லை. புருஷன் கங்காதரன் நெஞ்சு வலியில் போய்விட்டார். பதினாறாம் நாள் காரியத்துக்கு பேனர் வைக்க வேண்டும். குப்பத்தில் யார் போனாலும் தெருமுனையில் பேனர் நிற்கும். நிற்காவிட்டால் போனவருக்கு ஆள் இல்லை என்றாகிவிடும்.

போனில் ஒரே ஒரு போட்டோ வைத்திருந்தாள். கரையில் வலைக் குவியல் மேல் கங்காதரன் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். கேலி செய்வதற்காக அவள் எடுத்தது. வேறு படம் இல்லையா என்று ஷாரோன் கேட்டாள். கல்யாணப் போட்டோவிலும் கண் மூடித்தான் இருக்கிறார் என்றாள் வச்சலா. கடலில் ராத்திரியெல்லாம் முழித்திருந்த மனுஷனுக்குக் கரையில் எங்கே உட்கார்ந்தாலும் தூக்கம். ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டே தூங்குவாராம். ஆதார் கார்டில் மட்டும், கண்ணைத் திற என்று அதட்டியதில், திருடனைக் கண்டவர் மாதிரி முழித்துக்கொண்டிருந்தார்.

ஷாரோன் தன் வேலையைச் செய்தாள். தூங்கும் முகத்தை எடுத்தாள், வாயை மூடினாள், வெள்ளைச் சட்டையும் கோட்டும் மாட்டினாள், மதுராந்தகத்துக் கண்களைப் பொருத்தினாள். கச்சிதமாக இருந்தது. மறுநாள் வந்த வச்சலாவுக்குத் திரையைத் திருப்பிக் காட்டினாள். வச்சலா ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

“இது யாரு கண்ணு, பாப்பா?”

இத்தனை வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. குறுக்கே வந்த உலகநாதன், கண் மூடியபடி பேனர் வைத்தால் பிணத்தைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி இருக்கும், பார்க்கிறவர்கள் காறித் துப்புவார்கள் என்று நயமாக எடுத்துச் சொன்னார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. வச்சலா தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

“செத்துப்போனவராட்டம் வாணாம்ணா. எங்க வூட்டுக்காரரு தூங்கிக்கினு இருக்கணும். அவ்ளோதான். பதினாறாம் நாளு நான் வெளிய வந்து அண்ணாந்து பாத்தா, அவருதான்னு எனக்குத் தெரியணும்.”

அவள் போன பிறகு ஷாரோன் அந்தப் போட்டோவோடு மல்லுக்கட்டினாள். பின்னணியை மாற்றினாள், நிறத்தைக் கூட்டினாள், மேகம் வைத்தாள், பூ வைத்தாள். எதைச் செய்தாலும் பிணமாகவே தெரிந்தது. அவர் உயிரோடு இருந்த வரைக்கும் அதே படம் தூக்கம்தான். அவர் போனதும் படமும் செத்துப்போயிருந்தது. மீளாத் துயில் என்று வருஷக்கணக்கில் தட்டச்சு செய்திருக்கிறாள், ஒருநாளும் அவளுக்குத் தூக்கம் ஞாபகத்துக்கு வந்ததில்லை. இது பிரஷ்ஷால் முடியாத காரியம் என்று அவளுக்குப் புரிந்தது. கழுகை நடக்கவைத்த கை ஒன்று இருக்கிறதே, அதற்கு முடியும்.

அன்று மாலை பஸ் ஸ்டாண்டில் நின்று, எழுதி எழுதி அழித்து, கடைசியில் குரலிலேயே பேசி வினிதாவுக்கு அனுப்பிவிட்டாள். “மேடம், உங்க எறும்ப அழிச்சது நான்தான்” என்று ஆரம்பித்தாள். கழுகு பேனரைச் சொன்னாள். எறும்பு என்று தெரியாது, அழுக்கு என்று நினைத்தேன் என்றாள். பிறகு மூச்சு விடாமல் கங்காதரனைப் பற்றிச் சொன்னாள். அனுப்பியதும் போனைப் பைக்குள் போட்டுவிட்டாள், பார்க்க தைரியம் இல்லாமல்.

மறுநாள் மத்தியானம்தான் பதில் வந்தது. எறும்பை அழித்ததற்குக் கோபம் வந்தது என்று வினிதா ஒளிக்காமல் சொல்லியிருந்தாள். யார் யாரோ அழிக்கிறார்கள், யாரும் வந்து சொன்னதில்லை என்றும் சொல்லியிருந்தாள். கடைசியில் ஒரு கேள்வி இருந்தது. “அவர் எந்தப் பக்கமா திரும்பித் தூங்குவார்?”

ஷாரோன் சந்தைக்கு ஓடி, காரியத்துக்குச் சாமான் வாங்க வந்திருந்த வச்சலாவைக் கூட்டிவந்து, வீடியோ காலில் உட்காரவைத்தாள். முடி கத்தரித்த, மூக்குக் கண்ணாடி போட்ட, காதில் பெயின்ட் ஒட்டியிருந்த ஒரு பெண் திரையில் வந்தாள். அனுதாபமாக ஏதாவது சொல்லப்போகிறாள் என்று ஷாரோன் எதிர்பார்த்தாள். வினிதா கேட்டதெல்லாம் வேறு. குறட்டை விடுவாரா? லுங்கியை இழுத்து முகத்தில் போட்டுக்கொள்வாரா? காக்கா வந்தால் எழுந்துகொள்வாரா? தூக்கத்தில் யாரைத் திட்டுவார்? முதல் கேள்விக்கு வச்சலா முகத்தைத் துடைத்துக்கொண்டு பதில் சொன்னாள். இரண்டாவதற்கு நிமிர்ந்து உட்கார்ந்தாள். குறட்டைச் சத்தத்தைக் கேட்டுக் கடலோரத்து நண்டெல்லாம் வளைக்குள் போய்விடும் என்று சொன்னபோது அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. புருஷன் போன பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. சிரித்ததும் அழுகை முட்டியது. அழுதுகொண்டே இன்னும் நிறையச் சொன்னாள். வினிதா குனிந்து எதையோ கிறுக்கிக்கொண்டே இருந்தாள். ஷாரோன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். தூங்குகிற மனிதரைப் பற்றி இவ்வளவு கேட்கலாம் என்றே அவளுக்கு அதுவரை தெரியாது.

கூலியாக வினிதா கேட்டது ஒன்றே ஒன்றுதான். பேனரில் எறும்பு இருக்க வேண்டும்.

காரியத்துக்கு முந்தின நாள் காலையில் படம் வந்தது. திறந்த ஷாரோன் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டாள். ஏன் எழுந்தாள் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. சர்ச்சில் எழுந்து நிற்பதில்லையா, அது மாதிரி.

வலைக் குவியல் மேல் கங்காதரன் இடது பக்கமாகத் திரும்பி, ஒரு கையைக் கன்னத்துக்கு அடியில் கொடுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. அந்தத் தூக்கத்தைக் கெடுக்கக் கூடாது என்று ஒரு கடற்கரையே பாடுபட்டுக்கொண்டிருந்தது. நண்டு ஒன்று கொடுக்கை உதட்டில் வைத்து, பேசாதே என்று காக்காயை அதட்டியது. படகுகள் எல்லாம் நுனிக்காலில் நடந்து தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டிருந்தன. சங்கராமீன் இரண்டு லுங்கியின் ஓரத்தைப் பிடித்து அவர் காலை மூடின. அலை ஒன்று கரைக்கு வந்து, அவரைப் பார்த்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு பின்வாங்கிற்று. மேலே நம்ம மங்கி கேப் கழுகு, மலையை விட்டு அவ்வளவு தூரம் வந்து, சிறகால் வெயிலை மறைத்துக்கொண்டு நின்றது. கங்காதரன் நெஞ்சு ஏறி இறங்குவது தெரிந்தது. படத்தில் எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள், தெரிந்தது.

மூலையில் எறும்பு. இந்தத் தடவை பென்சிலைப் பக்கத்தில் சாத்திவைத்துவிட்டு அதுவும் தூங்கிக்கொண்டிருந்தது.

உலகநாதன் வந்து பின்னால் நின்றார். கழுகுக்கு மங்கி கேப் கூடாது என்று சொன்ன மனுஷன் நண்டு, அலை, கழுகு என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். கடைசியில், “மூலைல என்னமோ தூசி கீது பாரு. கிளீன் பண்ணிடு” என்றார்.

“தூசி இல்லண்ணா. வரைஞ்சவங்க” என்றாள் ஷாரோன்.

அவர் மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு திரையில் மூக்கு இடிக்கக் குனிந்தார். அப்புறம் அவரே மெஷினை ஓட்டினார். கோட்டும் இல்லை, மேகமும் இல்லை. கீழே பெயர் மட்டும்.

பதினாறாம் நாள் ஷாரோன் லீவு சொல்லிவிட்டுக் குப்பத்துக்குப் போனாள். முந்தின நாளே பேனர் போய்ச் சேர்ந்திருந்தாலும், கட்டுகிற வரைக்கும் சுருளைப் பிரிக்க வேண்டாம் என்று வச்சலா சொல்லியிருந்தாளாம். தெருமுனையில் இரண்டு சவுக்குக் கம்பத்துக்கு நடுவே கட்டிக்கொண்டிருந்தார்கள். பின்னால் கடல். கட்டி முடித்து இறங்கிய ஆட்கள் நிமிர்ந்து பார்த்தார்கள், இடுப்பில் கை வைத்தபடி நின்றுவிட்டார்கள். காரியத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகச் சேர்ந்தார்கள். ஒரு பெரியவர், இன்னாபா இது, பொம்மப்படம் போட்டு வெச்சிருக்கீங்க என்று ஆரம்பித்தார். அண்ணாந்து பார்த்தார். ஆரம்பித்ததை முடிக்கவில்லை. யார் என்ன சொன்னாலும் பரவாயில்லை, ஷாரோனின் பார்வை வச்சலா வீட்டுக் கதவிலேயே இருந்தது.

அந்த நேரம் பார்த்துப் பம்பைக்காரர்கள் வந்து சேர்ந்து, வாசலில் நின்று காது கிழிய அடிக்க ஆரம்பித்தார்கள். சத்தம் கேட்டு வச்சலா வெளியே வந்தாள். நாலு பெண்கள் அவளைப் பிடித்துக்கொண்டு ஓலமிடத் தயாராக வந்தார்கள். வச்சலா அண்ணாந்து பார்த்தாள். பிடித்திருந்த கைகளை விலக்கிவிட்டுப் பேனருக்குக் கீழே போய் நின்றாள். நண்டைப் பார்த்தாள், அலையைப் பார்த்தாள், கன்னத்துக்கு அடியில் இருந்த கையைப் பார்த்தாள். ஷாரோன் அங்கே நிற்பது அவள் கண்ணில் படவே இல்லை. ஷாரோனும் அதை எதிர்பார்க்கவில்லை. அவளும் அந்தக் கூட்டத்தோடு கூட்டமாக மேலேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வச்சலா திரும்பி நேரே பம்பைக்காரரிடம் போனாள். அவர் அடிப்பதை நிறுத்தினார்.

“கொஞ்சம் மெள்ள அடிங்கண்ணா” என்றாள். “இப்பதான் கண்ணசந்தாரு.”

அவர் ஒருமுறை பேனரை அண்ணாந்து பார்த்தார். பிறகு குச்சியை இடுப்பில் செருகிக்கொண்டு, விரலால் அடிக்க ஆரம்பித்தார்.